குங்கிலியத்தில் மாட்டிய விருந்தாளி

குஜராத்தில் சூரத்துக்கு அருகே வஸ்தான், தட்கேஷ்வர் ஆகிய ஊர்களில் பூமியைத் தோண்டியது பழுப்பு நிலக்கரிக்காகத்தான். கரியோடு கரியாக மஞ்சள் கட்டிகளும் வந்தன. ஆம்பர். மரத்திலிருந்து வடிந்த பிசின் மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்து இறுகிய பொருள். இந்திய, ஜெர்மன், அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஏறக்குறைய 150 கிலோ திரட்டி, 2010இல் விவரம் வெளியிட்டார்கள். வயது 5 கோடி ஆண்டுகளுக்கு மேல். உள்ளே பூச்சிகளும் சிலந்திகளுமாக நூற்றுக்கணக்கில் இருந்தன.

பிசின் தந்த மரம் எது? நம் வீட்டில் சாம்பிராணியோடு புகையும் குங்கிலியத்தைத் தரும் மரக் குடும்பமேதான் என்றது வேதியியல் சோதனை.

ஆம்பரில் சிக்கிய வண்டுகளுக்குப் பெயர் சூட்டும் வேலை, குஜராத் கண்டுபிடிப்புக்கு வெகு காலம் முன்பே பால்டிக் கடலோரத்தில் வேரூன்றிவிட்டது. அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தில் ஸ்டான்டீன்-பெக்கர் நிறுவனம் ஆபரணத்துக்கும் புகைக்குழாய்க்கும் ஆம்பர் வெட்டி விற்றது. அங்கே பணியாற்றிய நிலவியலாளர் ரிச்சர்ட் க்ளெப்ஸ், பூச்சி தெரிந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தார். தன் தொகுப்பிலிருந்த வண்டுகளைப் பற்றி 1910இல் எழுதினார். வியாபாரியும் அறிஞனும் ஒரே குவியலைக் கிளறிய காலம் அது. இரண்டாம் உலகப் போரில் கோனிக்ஸ்பெர்க் சிதைந்தது. அங்கிருந்த ஆம்பர் தொகுப்பில் முன்கூட்டியே ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு அனுப்பப்பட்ட பங்கு பிழைத்துக்கொண்டது.

பால்டிக் ஆம்பர் கெட்டியானது. வண்டின் முதுகும் வயிறும் தெரியும்வரை துண்டைத் தேய்த்து மெருகேற்றி, நுண்நோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். கொஞ்சம் கை தவறினால் வண்டின் கால் போய்விடும். குஜராத் ஆம்பர் இளகிய ரகம்; தகுந்த கரைப்பானில் கரைத்துப் பூச்சியையே வெளியே எடுத்துவிடலாம். இந்த வசதி பால்டிக்காரர்களுக்கு வாய்க்கவில்லை.

சூரத் பக்கத்து ஆம்பரில் கிடைத்த வண்டுகளில் ஒன்று சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம். பூச்சியியலாளர்கள் ஜோசப் பார்க்கரும் டேவிட் கிரிமால்டியும் 2014இல் அதை விவரித்து, புரோட்டோகிளாவிஜர் என்று பெயரிட்டார்கள். இன்றுள்ள அதன் உறவினர்கள் எறும்புப் புற்றில் ஓசியில் வாழும் விருந்தாளிகள். உடலில் உள்ள மயிர்க்கற்றைகளில் ஒரு திரவம் கசியும். எறும்புகள் அதை நக்கி மயங்கி, வண்டுக்குத் தங்கள் வாயிலிருந்தே இரை ஊட்டும். வண்டோ அந்த எறும்புகளின் முட்டையையும் புழுவையும் தின்னும். இவ்வளவு துணிச்சலான ஏமாற்று பூச்சி உலகிலும் அபூர்வம்.

குஜராத் வண்டிலும் அந்த மயிர்க்கற்றைகள் இருக்கின்றன. ஆனால் வேலை இன்னும் முடியவில்லை: இன்றைய வண்டுகளில் ஒரே தகடாக ஒட்டிப்போன வயிற்றுக் கண்டங்கள் இதில் தனித்தனியாகவே நிற்கின்றன. உடல் மாறிக்கொண்டிருந்த கட்டத்திலேயே பிசினில் சிக்கியிருக்கிறது. அப்போது எறும்புகளே உலகில் அவ்வளவாகப் பெருகவில்லை. அதற்குள் அவற்றின் வீட்டில் நுழையும் தந்திரம் உருவாகிவிட்டது என்பதுதான் இந்த ஒரு மில்லிமீட்டர் உடல் தரும் செய்தி.

இந்த விருந்தாளி வண்டுக் கூட்டத்தில் உயிரோடிருப்பவற்றில் இதுவரை பெயர் பெற்றவை சுமார் 370 இனங்கள். பெயருக்குக் காத்திருப்பவை அதைப்போலப் பல மடங்கு இருக்கும் என்பது பார்க்கரின் கணிப்பு.