மின் கிட்டாருக்குள் மின்கலம்

மின் கிட்டாரின் உடலுக்குள் முன்பெருக்கி, எஃபெக்ட் சுற்று, சஸ்டெய்னர், விளக்கு ஆகியவற்றைச் சேர்க்கும்போது அவற்றுக்கு மின்சாரம் தரும் ஏற்பாடும் அதன் வரலாறும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

இயல்பான மின் கிட்டாருக்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. ஜார்ஜ் பீச்சம் வடிவமைத்து, பின்னாளில் ரிக்கன்பேக்கர் எனப் பெயர்பெற்ற நிறுவனம் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஃபிரையிங் பேன்’ கிட்டாரிலேயே இது தெளிவாகிவிட்டது. காந்தத்தின் அருகே எஃகுக் கம்பி அதிரும்போது பிக்கப்பின் சுருளில் தானாகவே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் அந்தக் குறிகை நலிவானது. கேபிளின் மின்தேக்கத்தை அதனால் சமாளிக்க முடியாது. கேபிள் நீள நீள உச்ச ஒலிகள் மங்கும். பிக்கப்பை அடுத்து, கேபிள் தொடங்கும் முன்பே ஒரு சிறு முன்பெருக்கியை வைத்துவிட்டால் இந்த இழப்பு நின்றுவிடும். கிட்டாருக்குள் மின்கலம் புகுந்ததற்கு இதுவே முதற் காரணம். எஃபெக்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்ற ஆசை அடுத்தது.

வால்வுகளின் காலத்தில் இதற்கு வழியே இல்லை. ஒரு வால்வைச் சூடாக்கவும் இயக்கவும் தேவையான மின்சாரத்தைத் தோளில் தொங்கும் கருவிக்குள் அடைக்க முடியாது. 1947இல் பிறந்த டிரான்சிஸ்டரும், டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்காக எவரெடி நிறுவனம் 1956இல் கொண்டுவந்த செவ்வக 9 வோல்ட் பேட்டரியும்தான் கதவைத் திறந்தன. அந்த பேட்டரியின் வடிவம் இன்றுவரை மாறவில்லை. கிட்டாரின் பின்புறம் குடையப்படும் குழியின் அளவையும் அதுவே தீர்மானிக்கிறது.

பிரிட்டனின் பர்ன்ஸ் நிறுவனம் 1963இல் டிரான்சிஸ்டர் முன்பெருக்கி கொண்ட கிட்டாரை விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் வாக்ஸ் நிறுவனம் இன்னும் துணிந்தது. டிஸ்டார்ஷன், ட்ரெபிள் பூஸ்ட், ஒலியைத் துண்டு துண்டாக வெட்டும் ‘ரிப்பீட் பெர்கஷன்’, சுருதி சேர்க்க ஒரு ஸ்வரம் என எல்லாவற்றையும் சில மாடல்களின் உடலுக்குள்ளேயே திணித்தது. அதே நிறுவனத்தின் 1966ஆம் ஆண்டு ‘கிட்டார் ஆர்கன்’ வேறு வழியில் போயிற்று. கம்பி ஃப்ரெட்டைத் தொட்டதும் ஆர்கன் ஒலி எழுப்பும் அந்தச் சுற்றுக்கு ஒரு பேட்டரி போதாது. தனிப் பெட்டியிலிருந்து பல இழைக் கேபிள் வழியே மின்சாரம் வந்தது. பேட்டரியைக் கருவிக்குள் வைப்பதா, கேபிள் வழியே மின்சாரம் கொண்டுவருவதா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

இந்தக் கேள்வியை மிக ஆழமாக எடுத்துக்கொண்டவர்கள் கலிஃபோர்னியாவில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவைச் சுற்றி இருந்தவர்கள். 1969இல் உருவான அலெம்பிக் நிறுவனத்தில் ரான் விக்கர்ஷாம், இசைக்கலைஞர்களின் கிட்டார்களைத் திறந்து உள்ளே புதிய சுற்றுகளைப் பொருத்தினார். அந்த நிறுவனத்தின் பிற்காலப் பேஸ் கிட்டார்களில் ஐந்து முனை இணைப்பி ஒன்று இருந்தது. வெளிப் பெட்டியிலிருந்து மின்சாரம் உள்ளே வரவும், பிக்கப்களின் ஒலி வெளியே போகவும் அந்த ஒரே கேபிள் போதும். பேட்டரியாலும் அவை இயங்கும்.

கிரேட்ஃபுல் டெட்டின் கிட்டார் கலைஞர் ஜெரி கார்சியாவுக்காக டக் இர்வின் செய்து, 1979 முதல் மேடையேறிய ‘டைகர்’ கிட்டார் இந்த வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது. தொடு விசைக்கேற்ப ஒலி மாறும் எஃபெக்டுகள், கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் சரியாக எதிர்வினை செய்யா. கார்சியாவின் கருவியில் பிக்கப்பின் முழு ஒலியும் முதலில் ஒரு இடைநிலைச் சுற்றுக்குள் போய், ஸ்டீரியோ கேபிளின் ஓர் இழை வழியே எஃபெக்டுகளுக்குச் சென்று, இன்னோர் இழை வழியே கிட்டாருக்கே திரும்பி, அதன் பிறகே வால்யூம் குமிழை அடைந்தது. குமிழை எவ்வளவு தணித்தாலும் எஃபெக்டின் இயல்பு மாறவில்லை. அந்த நீண்ட பயணத்தைத் தாங்கியது, பேட்டரியில் ஓடிய அந்தச் சின்னச் சுற்றுதான். கிட்டாருக்குள் மின்சாரம் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது.

டைகருக்குச் சற்று முன்பே, 1976 திருப்புமுனை ஆண்டாக அமைந்தது. லியோ ஃபெண்டரும் டாம் வாக்கரும் உருவாக்கிய மியூசிக் மேன் ஸ்டிங்ரே, பேட்டரியில் இயங்கும் பேஸ் கிட்டாரை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. அதே காலத்தில் எலெக்ட்ரா நிறுவனம், எஃபெக்ட் பெட்டிகளைக் கிட்டாரின் முதுகில் செருகிக் கழற்றும் வசதியைத் தந்தது. மறு ஆண்டு கிப்சனின் ஆர்டி ஆர்ட்டிஸ்ட் கிட்டாரில் மூக் நிறுவனம் வடிவமைத்த சுற்று இடம்பெற்றது. 1976இலேயே ராப் டர்னர் தொடங்கி, பின்னர் ஈஎம்ஜி எனப் பெயர் மாறிய நிறுவனம், பிக்கப்புக்குள்ளேயே முன்பெருக்கியை வைத்து மூடியது. மெட்டாலிக்கா உள்ளிட்ட ஹெவி மெட்டல் குழுக்களின் இறுக்கமான ஒலியில் அதன் 81 மாடலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த பிக்கப் எடுக்கும் மின்னோட்டம் 80 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. ஒரு 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 500 மில்லி ஆம்பியர் மணி. நிறுவனம் சொல்லும் ஆயுள் 3,000 மணி நேரம். இதோடு 5 மில்லி ஆம்பியர் எடுக்கும் ஒரே ஒரு எல்இடி விளக்கைச் சேர்த்தால் அதே பேட்டரி 100 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கம்பியை மின்காந்தத்தால் விடாமல் அதிரவைக்கும் சஸ்டெய்னர் இன்னும் பெரும்பசிக்காரன். ஒலியைத் தரும் சுற்றைவிட அழகுக்காக வைத்த விளக்கு பேட்டரியைத் தின்பது, கிட்டாரை மாற்றியமைப்பவர்கள் பலர் கவனிக்கத் தவறும் செய்தி.

பேட்டரியை அணைக்கத் தனி சுவிட்ச் பெரும்பாலும் இருப்பதில்லை. அதன் எதிர்முனை ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்தில் சாலிடர் செய்யப்படும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகியதும் அந்த வளையமும் தரை இணைப்பும் ஒன்றாகிச் சுற்று இயங்கத் தொடங்கும். எளிமையான, அருமையான உத்தி. வாசித்து முடித்தபின் கேபிளைக் கழற்றாவிட்டால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும் என்பது மட்டும் இதன் குறை.

பல சுற்றுகளை ஒரே பேட்டரியில் சேர்ப்பவர்கள் துருவங்களைப் பார்க்கவேண்டும். 1966இல் லண்டனிலிருந்து வந்த ஃபஸ் ஃபேஸ் எஃபெக்ட் பெட்டி போன்ற பழைய ஜெர்மானியம் சுற்றுகளில் பேட்டரியின் நேர்முனைதான் தரை இணைப்பு. மற்றவற்றில் எதிர்முனை. இரண்டுக்கும் ஒரே பேட்டரியைக் கொடுத்தால் அது குறுக்குச்சுற்றாகும். அத்தகைய சுற்றுக்குத் தனி பேட்டரி வைப்பதே நேர்வழி.

அதிக மின்சாரம் தேவைப்பட்டபோதெல்லாம் வடிவமைப்பாளர்கள் கேபிளிடமே திரும்பினர். ரோலண்டின் 13 முனைக் கேபிள், ஆறு கம்பிகளின் ஒலியையும் தனித்தனியே கொண்டுபோய், சின்தசைசரிலிருந்து நேர், எதிர் 7 வோல்ட் மின்சாரத்தைக் கிட்டாருக்குக் கொண்டுவருகிறது. 2008இன் மூக் கிட்டார் கால்மிதிப் பெட்டியிலிருந்து ஐந்து முனைக் கேபிளில் மின்சாரம் பெற்றது. லைன் 6 நிறுவனத்தின் வேரியாக்ஸ் கிட்டார் இரு வழிகளுக்கும் இடம் விட்டது: பேட்டரியிலும் ஓடும், கணினி வலையமைப்புக் கேபிள் போன்ற ஒன்றிலும் ஓடும்.

இன்று வீட்டில் கிட்டாரை மாற்றியமைப்பவர்கள் அதிகம் நாடுவது லித்தியம் மின்கலமும் யுஎஸ்பி சார்ஜிங்கும். லித்தியம் மின்கலம் தருவது ஏறத்தாழ 3.7 வோல்ட். அதை 9 ஆக உயர்த்தும் மாற்றி, நொடிக்குப் பல இலட்சம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. சுமை மிகக் குறைந்தால் சில மாற்றிகளின் வேகம் காதுக்குக் கேட்கும் அளவுக்கு இறங்கி ஒரு கீச்சொலி எழும். மாற்றியின் சுருள் பரப்பும் காந்தப்புலத்தைச் சிங்கிள் காயில் பிக்கப் அப்படியே பிடித்துக்கொள்ளும். மாற்றியைப் பிக்கப்பிலிருந்து தள்ளி வைப்பதும், வெளியீட்டில் வடிப்பான் சேர்ப்பதும், சார்ஜ் ஏறும்போது வாசிக்காதிருப்பதும் இதற்குத் தீர்வுகள். லித்தியம் மின்கலத்தின் மீது நேராகச் சாலிடர் வைப்பது ஆபத்து. முனைத்தகடும் பாதுகாப்புச் சுற்றும் உள்ளதையே வாங்கவேண்டும்.

முன்பெருக்கிக்கு 9 வோல்ட் பேட்டரி இன்றும் போதுமானது. அதை மாற்றத் தேவையில்லை. சஸ்டெய்னரோ விளக்குகளோ சேர்ப்பவர்கள் மட்டும் லித்தியத்தையோ கேபிளையோ நாடலாம். எதுவானாலும், சேர்க்கப்போகும் சுற்றை மேசைமீது இயக்கி, அது எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று மல்டிமீட்டரில் அளந்த பிறகே கிட்டாரின் மரத்தைக் குடையுங்கள்.