நிழலில் நின்ற நடிப்பு: மர்மப் படங்களும் இரண்டு நடிகைகளும்

பழைய மர்மப் படங்கள் என்று பேச்செடுத்தால், தமிழ் ரசிகர்களின் வாயில் முதலில் வரும் பெயர்கள் இரண்டு. ஒன்று, 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வெளிவந்த ‘அந்த நாள்’. மற்றொன்று, 1964-இல் வந்த ‘புதிய பறவை’. இரண்டிலும் நாயகன் சிவாஜி கணேசன். பாராட்டு மழை அவருக்கே. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால், அந்த மழையில் நனையாமல் ஓரமாக நின்றுவிட்டவர்களை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

முதலில் ‘அந்த நாள்’. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல்! படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் பிணமாகிறான். சுட்டது யார்? பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறார். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ (1950) காட்டிய பாதை அது.

கதை நடக்கும் காலம் 1943 அக்டோபர். சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நேரம். மலிவு விலை வானொலி செய்ய நினைத்த ராஜனை அரசாங்கம் மதிக்கவில்லை. மனம் கசந்த அவன் ஜப்பானின் உளவாளியாகிறான். அவன் மனைவி உஷாவோ தேசப்பற்றில் ஊறியவள். கடைசியில் அவனைக் கொன்றது அவள் கையில் இருந்த துப்பாக்கிதான்.

உஷாவாக நடித்தவர் பண்டரிபாய். படத்தின் பெரும்பகுதியில் அவருக்குக் கணவனை இழந்த பெண்ணின் வேடம். அழுகிறார், தளர்ந்து உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிறார். முதல் முறை பார்ப்பவருக்கு அது வெறும் துக்கமாகத்தான் தெரியும். முடிவு தெரிந்தபின் இன்னொரு முறை பார்த்தால், அதே முகத்தில் குற்றவுணர்வு தெரியும், பயம் தெரியும், மாறாத காதலும் தெரியும். ஒரே நடிப்பு இரண்டு கதைகளுக்கும் பொருந்த வேண்டும். அது லேசான காரியமா?

இங்கே பினாங்குக்காரர்கள் சற்று நின்று யோசிக்க ஒரு செய்தி உண்டு. 1941 டிசம்பரில் ஜோர்ஜ்டவுன் மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். அடுத்த ஆண்டு அதே பினாங்கில் சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஒன்று நடந்தது. அங்கே பயிற்சி பெற்ற இந்திய இளைஞர்கள் சிலர், 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் இரகசியமாக மலபார்க் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதரும் தோழர்கள் சிலரும் 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். படத்தில் ராஜன் சாகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு!

படம் ராஜனைத் துரோகி என்கிறது. பினாங்கிலிருந்து போன அப்துல் காதரை இந்தியா தியாகி என்று போற்றுகிறது. ராஜனை ஓட்டியது தனிப்பட்ட கசப்பு. காதரை ஓட்டியது விடுதலை வேட்கை. இருவரும் கை கோத்தது என்னவோ ஒரே ஜப்பானோடுதான். இந்தச் சிக்கலை அறிந்த ஊர்க்காரனுக்கு, ராஜனை வெறும் வில்லனாக ஒதுக்கிவிட முடியாது. அவனை மனிதனாகப் பார்க்க வைப்பது உஷாவின் கண்ணீர். அவள் அவனை வெறுக்கவில்லை. தடுக்கத்தான் நினைத்தாள். பண்டரிபாய் அதை மிகையில்லாமல் காட்டியதால்தான் அந்த முடிவு நெஞ்சில் நிற்கிறது.

1952-இல் ‘பராசக்தி’யின் நாயகி அவர். பின்னாளில் அம்மா வேடங்களே அவர் அடையாளமாகிவிட்டன. 1992-இல் ‘மன்னன்’ படத்தில் ரஜினிகாந்தின் தாயாக வந்தவரை எல்லாருக்கும் தெரியும். உஷாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே படத்தில் துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக வந்த ஜாவர் சீதாராமனையும் மறக்கக்கூடாது. வசனம் எழுதியவரும் அவரே. குரலை உயர்த்தாமல், பொறுமையாகக் கேள்வி கேட்டே முடிச்சை அவிழ்க்கிறார். ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்தில் பூதமாக வந்து சிரிக்க வைத்தவரும் இவரே என்றால் இளைய தலைமுறை நம்புமா?

அடுத்தது ‘புதிய பறவை’. தாதா மிராசி இயக்கிய வண்ணப்படம். ‘சேஸ் எ குரூக்கெட் ஷேடோ’ (1958) என்ற ஆங்கிலப் படத்தின் சாயல் கொண்டது. சிங்கப்பூரிலிருந்து இந்தியா திரும்பும் கப்பலில் கதை தொடங்குகிறது. பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று ‘ரஜுலா’ கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கப்பல் காட்சி இங்குள்ள மூத்தவர்களுக்கு அந்நியமானதல்ல.

இறந்துபோன மனைவி சித்ரா, நிச்சயதார்த்த வேளையில் உயிரோடு வந்து நிற்கிறாள். அவள் சித்ரா அல்ல என்பது கோபாலுக்குத் தெரியும். ஆனால் எப்படித் தெரியும் என்று சொன்னால் அவன் குற்றம் வெளிப்பட்டுவிடும். இறுதியில் சிவாஜி உடைந்து அழும் காட்சியை இன்றும் பேசுகிறோம். அவரை உடைத்தது யார்? சௌகார் ஜானகி.

அவருக்கு இரண்டு வேலை. பழைய கதையில் கட்டுக்கடங்காத சித்ரா. வீட்டுக்கு வந்தவளோ, சித்ராவாக நடிக்கும் வேறொரு பெண். சிரிப்பு, பார்வை, உரிமையோடு பேசும் பேச்சு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஆனாலும் உள்ளே ஒரு கணக்கு ஓட வேண்டும். சோக வேடங்களுக்குப் பெயர் போன ஜானகி, ஒரு சொட்டுக் கண்ணீரை நம்பாமல் அதைச் சாதித்தார்.

மர்மப் படத்தில் நல்ல நடிப்பு மறைந்தே இருக்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மர்மம் கெட்டுவிடும். அதனால்தான் இவர்களுக்குக் கைத்தட்டல் குறைந்தது. அந்தக் கடனைத் தீர்க்க ஒரு வழி உண்டு. முடிவு தெரிந்த படத்தை வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து மறுபடி பாருங்கள். இந்த முறை, பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பாருங்கள்.