அட்சயம்: கொடையிலிருந்து கொள்முதல் வரை

வைசாக மாத வளர்பிறையின் மூன்றாம் திதி அட்சய திருதியை. அந்நாளில் வாங்கும் பொன் குறையாது பெருகும் என்னும் நம்பிக்கையால், சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையிலும் கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் நகைக்கடைகளில் கூட்டம் மிகுகின்றது. திதி தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் பஞ்சாங்கத்தில் பார்த்துச் செல்வோரும் உளர். இவ்வழக்கத்தைப் பழிப்பதும் போற்றுவதும் நம் நோக்கமல்ல. அந்நாளின் பெயர் கடந்துவந்த வழியையே ஈண்டு ஆராய்கின்றோம்.

‘க்ஷயம்’ என்பது தேய்வு, ‘அக்ஷயம்’ தேயாமை. ‘திருதியை’ மூன்றாவது. பெயரில் பொன்னும் இல்லை, வாங்குதலும் இல்லை. எனின், தேயாதது எது? விடையைப் பழைய கல்வெட்டுகள் தருகின்றன. ஏறத்தாழ 1900 ஆண்டுகளுக்கு முன்னர், நகபான மன்னனின் மருமகனாகிய உஷவதாதன் நாசிக் குகையொன்றில் பொறித்த கல்வெட்டில் ‘அகயநீவி’ என்னும் பிராகிருதச் சொல் வருகின்றது. ‘அட்சய வைப்பு’ என்பது அதன் பொருள். பௌத்தத் துறவியர்க்காக அவன் 3000 காசுகளை நெசவாளர் குழுக்களிடம் வைத்தான். அவற்றுள் 2000 காசுக்கு மாத வட்டி நூற்றுக்கு ஒன்று. ஆண்டுக்குக் கிடைக்கும் 240 காசு, துறவியர் இருபதின்மர்க்கு ஆளுக்குப் பன்னிரண்டாக ஆடைக்கு உரியது. முதலை எடுத்தல் கூடாது, வட்டியே துய்த்தற்குரியது.

இதே கருத்தைச் சோழர் காலத் தமிழ் வேறொரு தொடரால் உரைத்தது. கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகளை அளித்தோர், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் பொறித்தனர். ஆடுகள் மூக்கும், சாகும். ஆயினும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமற் காப்பது இடையரின் கடமை. அதனால் விளக்குக்கு நெய் தவறாது வந்தது.

திருதியை நாளின் பழஞ்சிறப்பும் ஈகையைச் சார்ந்ததே. அந்நாளிற் செய்யும் தானத்தின் பயன் தேயாது என்பர் வைதிகர். நெடுநாள் நோன்பிருந்த ஆதிநாதர்க்குக் கருப்பஞ்சாறு ஈந்த நாள் என்பர் சமணர்.

பொன்னுக்கு நேரம் பார்த்தலும் நம்மிடம் உண்டு. யாழ்ப்பாணத் தமிழர் திருமணத்திற்கு முன் நன்னேரம் குறித்துத் தாலிக்குரிய பொன்னை உருக்குவர். அதற்குப் ‘பொன்னுருக்கு’ என்பது பெயர். ஆங்கு நேரம் குறிப்பது வாங்குதற்கன்று, இல்வாழ்க்கையின் தொடக்கத்திற்கு.

திருதியையன்று திரளாகப் பொன் வாங்கும் வழக்கம், நகை வணிகரின் விளம்பரங்களால் அண்மைப் பத்தாண்டுகளில் பரவியது. சொற்பொருள் மாறுதல் மொழிக்கு இயல்பே. எனினும், கடன் வாங்கி அந்நாளிற் பொன் கொள்ளும் குடும்பத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாசிக்கில் வட்டி பிறர்க்கு ஆடையாயிற்று. இங்கு வட்டி அக்குடும்பத்தின் வருவாயை மாதந்தோறும் தேய்க்கின்றது. தேயாமையைப் பெயராகக் கொண்ட நாளில் ஒரு தேய்வைத் தொடங்கலாமா என்று இல்லத்தார் கூடிப் பேசுவது நன்று.