பட்டத்தின் பெயரா, பணியின் அறிவா? எச்1பி விசாவில் ‘சிறப்புத் துறைப் பணி’யை மெய்ப்பித்தல்

வெளிநாட்டவர் ஒருவரைப் பணிக்கு அழைக்க, அமெரிக்காவின் எச்1பி விசாவுக்கு ஒரு நிறுவனம் மனுச் செய்யும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. வரப்போகிறவர் தகுதியுடையவரா என்பது ஒன்று. அவர் செய்யப்போகும் பணி தகுதியுடையதா என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் தேறியவரும் இரண்டாவதில் விசாவை இழக்கலாம். அந்தப் பணி ‘சிறப்புத் துறைப் பணி’ என்று காட்டும் பொறுப்பு மனுதாரரான நிறுவனத்தையே சேரும். அன்றாட வேலைக்கும் அது கேட்கும் அறிவுக்கும் உள்ள பிணைப்பைக் காட்டுவதே இதற்கான உறுதியான சான்று என்பதும், பதவிப் பெயரும் பட்டத்தின் பெயரும் அதற்கு ஈடாகா என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. சட்டத்தின் கோரிக்கை

1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் வழி வந்த வரையறை இரண்டு கூறுகள் கொண்டது. மிகவும் சிறப்பு வாய்ந்த அறிவுத் தொகுதி ஒன்றைக் கோட்பாட்டளவிலும் செயலளவிலும் பணி பயன்படுத்த வேண்டும். அப்பணியில் சேர, குறித்த துறையில் இளநிலைப் பட்டமோ அதற்கு நிகரானதோ குறைந்தபட்சத் தகுதியாக இருக்க வேண்டும். முதற்கூறு அறிவைப் பற்றியது. இரண்டாவது, அவ்வறிவு பெற்றதன் அடையாளத்தைப் பற்றியது.

விதிகள் இதற்கு நான்கு அளவுகோல்களைத் தருகின்றன: அப்பணிக்கு வழக்கமாகவே பட்டம் தேவைப்படுதல்; ஒத்த நிறுவனங்களில் அவ்வழக்கம் இருத்தல் அல்லது பணியே தனித்தன்மை உடையதாய் இருத்தல்; மனுதாரர் வழக்கமாகப் பட்டம் கேட்டு வருதல்; கடமைகள் பட்டப்படிப்பின் அறிவை வேண்டும் அளவுக்குச் சிக்கலாய் இருத்தல். இவற்றுள் ஒன்றேனும் நிறைவேற வேண்டும். ஆயினும் இவை சட்ட வரையறைக்குத் துணையே தவிர மாற்று அல்ல. எடுத்துக்காட்டாக, செவிலியர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பிய நிறுவனம் பற்றிய டெஃபென்சர் வழக்கில் (2000), ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் பட்டம் தேவை என்ற அனுப்பும் நிறுவனத்தின் சொல்லை ஏற்கவில்லை. வேலை நடக்கும் மருத்துவமனை பட்டம் கேட்கிறதா என்றே பார்த்தது.

2. கையேடும் அதன் எல்லையும்

முதல் அளவுகோலுக்கு, மனுவை ஆராயும் அதிகாரிகள் பெரிதும் நாடுவது தொழிலாளர் துறையின் தொழில்வாய்ப்புக் கையேடு. அது தொழில் தேர்வுக்கு வழிகாட்ட எழுதப்பட்டது. சட்டத் தகுதியை அளக்க எழுதப்பட்டதன்று. இன்னோவா சொல்யூஷன்ஸ் வழக்கு (2020) இதன் விளைவைக் காட்டுகிறது. கணினி நிரலாளர்களில் பெரும்பாலோர் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் என்றும், சில நிறுவனங்கள் அதற்குக் குறைந்த படிப்புள்ளவரையும் சேர்க்கின்றன என்றும் கையேடு சொன்னது. பின்பாதியைப் பற்றிக்கொண்டு மனு மறுக்கப்பட்டது. ஒன்பதாம் சர்க்யூட் நீதிமன்றம் அம்முடிவைத் தன்விருப்பமானது என்று தள்ளியது. ‘வழக்கமாக’ என்பதை ‘எப்போதும்’ என்று படிக்க முடியாது. நிரலாளர் பணிகளைக் கூடுதல் ஐயத்துடன் நோக்கிய 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

3. பட்டத்தின் பெயர்

ராயல் சயாம் வழக்கில் (2007) முதல் சர்க்யூட் நீதிமன்றம், வணிக நிர்வாகம் போன்ற பொதுப் பட்டம் மட்டும் போதாது என்றது. ரெசிடென்ஷியல் ஃபைனான்ஸ் வழக்கில் (2012) ஒஹையோ மாவட்ட நீதிமன்றம், பட்டத்தின் பெயரைவிட அறிவே முக்கியம் என்றது. இவ்விரண்டையும் முரண்பட்டவையாகக் காண்போர் உண்டு. எனக்கு அவை ஒரே கொள்கையின் இரு முகங்கள். எந்தப் பட்டமும் போதும் என்றால் குறித்த அறிவு தேவைப்படவில்லை. ஒரே பெயருடைய பட்டம்தான் வேண்டும் என்றால் அறிவை விட்டுப் பெயரைப் பிடிக்கிறோம். 2025 ஜனவரி 17 முதல் நடப்பில் உள்ள விதியும் இத்திசையிலேயே செல்கிறது. பட்டத்துக்கும் கடமைகளுக்கும் தர்க்கரீதியான தொடர்பு வேண்டும். பல துறைப் பட்டங்களை ஏற்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அத்தொடர்பு இருக்க வேண்டும்.

4. சான்றைக் கட்டும் முறை

மருத்துவக் கருவி செய்யும் நிறுவனம் ஒன்று புள்ளியியலாளரை அழைக்கிறது என்று கொள்வோம். ‘தரவுகளைப் பகுப்பாய்வு செய்வார்’ என்ற வரி எதையும் மெய்ப்பிக்காது. சோதனைக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கணிப்பார், பாதியில் விலகியோரின் தரவை எப்படிக் கையாள்வது என்று முடிவு செய்வார் என எழுதினால், நிகழ்தகவுக் கோட்பாடும் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வும் அங்கே தாமாகத் தெரியும். ஒவ்வொரு கடமைக்கும் வார நேரத்தில் எத்தனை பங்கு, எந்தப் பாடம் அதற்கு அடிப்படை என்று நிரல்படுத்த வேண்டும். முன்பு அப்பதவியில் இருந்தோரின் பட்டங்கள், நிறுவன அமைப்புப் படம், ஒத்த நிறுவனங்களின் ஆள்தேடல் விளம்பரங்கள், துறை வல்லுநரின் கருத்துரை ஆகியவை இந்நிரலைத் தாங்கும் தூண்கள். நிரல் இல்லாமல் தூண்களை மட்டும் அடுக்கினால் கட்டடம் எழாது.

5. ஓர் எதிர்வாதம்

இப்படி எழுத இடங்கொடுத்தால் எளிய வேலையையும் நிறுவனங்கள் ஊதிக் காட்டாவா என்று கேட்கலாம். உள்ளூர்த் தொழிலாளரின் நலன் கருதும் நியாயமான கேள்வி அது. ஆனால் ஊதிக் காட்ட எளிதானது பதவிப் பெயரே. நேரப் பங்கோடும் பாடத்தோடும் கட்டப்பட்ட விவரிப்பை அமைப்புப் படத்தோடும் முன்னவர் பட்டங்களோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். பொய் அங்கே வெளிப்படும். மேலும் இங்கு வேண்டப்படும் நிரூபண அளவு, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே சாத்தியம் மிகுதி என்பதுதான். ஐயத்துக்கு இடமற்ற நிரூபணம் அன்று.

ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000 என்பது இவ்விசாவின் பொது வரம்பு. விசா பெறுவோரில் பெரும்பான்மையினர் இந்தியாவில் பிறந்தோர். இவ்வரம்புக்குள் இடம்பெற நடக்கும் குலுக்கலில் தேறிய பின்னும் ஒருவரது ஆண்டுக்கணக்கான படிப்பு, வேறொருவர் எழுதிய பணி விவரிப்பைச் சார்ந்து நிற்கிறது. அவர் நாளும் எதை அறிந்து எதைச் செய்யப்போகிறார் என்பதை உள்ளபடி எழுதுவது நிறுவனத்தின் கடமை. அதை உள்ளபடி படிப்பது அதிகாரியின் கடமை.