ஏலகிரியில் பத்து நாள்

ஐம்பது பேருக்குப் பத்து நாள் முகாம் என்றால் புளி பத்துக் கிலோ. ஒரு கிலோ கூடுதலாகவே கட்டிக்கொள்வது நல்லது, மலைக்குளிரில் பையன்கள் ரசத்தைத் தண்ணீர் மாதிரி குடிப்பார்கள். பணி ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் இந்தக் கணக்கு எனக்கு மறக்கவில்லை. பாலாற்றங்கரைக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்தினேன். கூடவே பதினோரு வருஷம் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர்.

காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் என்.எஸ்.எஸ். என்னும் நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிவைத்தார். முதல் வருஷம் 40,000 மாணவர்கள். ஆனால் பேச்சு அதற்கு இருபது வருஷம் முன்பே கிளம்பிவிட்டது. மாணவர்கள் தாமாக முன்வந்து நாட்டுப்பணி செய்யட்டும் என்றது ராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழு. வேலூர் ஊரிஸ் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் அவர். எங்கள் பக்கத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு. 1959-இல் சி.டி. தேஷ்முக் குழு ஒரு படி மேலே போய், பட்டப்படிப்பில் சேருமுன் ஒன்பது மாதமாவது கட்டாயப் பணி வேண்டும் என்றது. கே.ஜி. சையிதைன் பல நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, கட்டாயம் வேண்டாம், விருப்பப்பட்டவர் வரட்டும் என்று எழுதிக்கொடுத்தார். கடைசியில் வந்தது இரண்டுக்கும் நடுவில் ஒன்று: விருப்பம்தான், ஆனால் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், முடித்தால் சான்றிதழ். நாற்பது மணி நேரம்கூட வராதவனுக்கு 240 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்து நின்றால் என்ன செய்வது?

1988 பொங்கல் கழிந்து ஏலகிரியில் நிலாவூருக்கு முகாம் போனோம். மலையில் பதினான்கு சிற்றூர்கள், ஏறும் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். லாரியில் அண்டாக்களோடு பையன்கள். மேலே இருப்பவர்கள் மலையாளிகள். பேரைப் பார்த்து மயங்க வேண்டாம், பேசுவது தமிழ், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். ஒரு குட்டையைத் தூர் வாருவது எங்கள் வேலை. இரண்டு நாள் கடப்பாரையும் பாண்டுமாகப் போராடினோம். மூன்றாம் நாள் ஊர்க்கவுண்டர் வந்து கரையில் குந்தி கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து ஒரு பையன் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினார். "தம்பி, மண்ணைக் குத்தாதே, கெளப்பு." அவரும் ஊர்க்காரர்கள் மூன்று பேரும் இறங்கி, மத்தியானத்துக்குள் எங்கள் இரண்டு நாள் வேலையை முடித்துவிட்டார்கள். அறிக்கையில் அதையும் எங்கள் கணக்கில்தான் எழுதினேன்.

எங்கள் சமையற்காரர் கீழேயிருந்து வந்தவர். முதல் நாளே அடுப்படியில் நின்று வியந்தார்: "என்ன சார், பருப்பு இப்படிக் கொழையுது!" ஊரில் ஒன்றரை மணி நேரம் வேகிற துவரம்பருப்பு இங்கே அரை மணியில் வெந்துவிட்டது. ஆம்பூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னான்: "எங்க கிணத்துல ஷாப்புத் தண்ணி சார். நாள் முழுக்க வெச்சாலும் வேகாது."

ஷாப்பு என்றால் தோல் ஷாப்பு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் வேறு. 1970களில் அரைப்பதத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு வந்தபின், முழுப்பதம் பரவியது, குரோமிய உப்பு பரவியது, கழிவு பாலாற்றுக்கு வந்தது. அதே சமயம் தில்லியிலிருந்து முகாம்களுக்குத் தலைப்புகளும் வந்துகொண்டிருந்தன: 1973-இல் பஞ்சத்துக்கு எதிராக இளைஞர், அடுத்து அசுத்தத்துக்கும் நோய்க்கும் எதிராக இளைஞர். நாங்கள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தைக் கூட்டினோம்.

நிலாவூரிலிருந்து திரும்பியதும் ஒரு திட்டம் எழுதினேன். அடுத்த முகாம் ஆற்றங்கரைக் கிராமத்தில். வேதியியல் துறையோடு சேர்ந்து கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது. மரம் நடலாமே என்று பதில் வந்தது. சண்டை போட்டேன் என்று சொன்னால் பொய். பையன்களில் பாதிப்பேரின் அப்பாக்கள் ஷாப்புக்குத்தான் போய்வந்தார்கள். நன்கொடை கொடுப்பவர்களும் அந்தத் தொழிலில்தான் இருந்தார்கள். முந்நூறு புங்கங்கன்று நட்டோம்.

தோல் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வின் தீர்ப்பு: மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம். தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது என்று, வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கு அதில் இருந்தது. ஆசிரியர் அறையில் பத்திரிகையை விரித்து அந்த எண்ணை இரண்டு முறை படித்தேன். பக்கத்து நாற்காலி வேதியியல்காரர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நிலாவூரில் அந்த முகாமின் கடைசி நாள் நிறைவு விழா, கொடியிறக்கம், ஊர்க்கவுண்டருக்குத் துண்டு. லாரியில் சாமான் ஏற்றும்போது அந்த ஆம்பூர்ப் பையன் அண்டாக்களுக்கு நடுவே ஒரு எண்ணெய் கேனைச் செருகப் பார்த்தான். ஐந்து லிட்டர் கேன், கழுவி நிரப்பிய தண்ணீர். இடமில்லை என்று அதட்டினேன். "அம்மா பருப்பு வேகவெச்சுப் பாக்கணும்னு சொல்லுச்சு சார்" என்றான். அப்படியானால் மடியில் வைத்துக்கொள் என்றேன். மூடி சரியில்லை. பதினான்கு வளைவு இறங்குமட்டும் அவன் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தான். மலையடிவாரப் பொன்னேரியில் இறங்கும்போது கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.