துறுதுறு குழந்தையை எந்த கிளாஸில் சேர்ப்பது? முதலில் கவனிக்க வேண்டியது 'காத்திருக்கும் நேரம்'

ஒரு நிமிஷம்கூட ஓரிடத்தில் உட்காராத பிள்ளையை என்ன செய்வது? 'உட்கார்ந்து செய்ற மாதிரி ஏதாவது கிளாஸ்ல போடுங்க, தானா அடங்கிடும்' என்பதுதான் பலரும் சொல்லும் யோசனை. அபாகஸ், ஹேண்ட்ரைட்டிங் என பணம் கட்டுகிறார்கள். ரெண்டாவது வாரமே 'மத்த பிள்ளைங்களுக்கு தொந்தரவா இருக்கு' என்று போன் வருகிறது. போன இடமெல்லாம் திட்டுதான் என்று பிள்ளையும் முடிவு செய்துவிடுகிறது.

துறுதுறுப்பு எல்லாமே ஏடிஹெச்டி அல்ல. கவனச்சிதறல், அதீத துறுதுறுப்பு, யோசிக்காமல் சட்டென்று செய்துவிடுவது போன்றவை 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதங்களாவது நீடித்து, வீடு, பள்ளி என குறைந்தது இரண்டு இடங்களில் அன்றாடத்தைப் பாதித்தால்தான் மருத்துவர்கள் அப்படிச் சொல்வார்கள்.

'மொபைல் கொடுத்தா 2 மணி நேரம் அசைய மாட்டானே, அவனுக்கா கவனக்குறைவு?' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கேமில் நொடிக்கு நொடி காட்சி மாறுகிறது, செய்ததற்கு உடனே பாயிண்ட் கிடைக்கிறது. அதனால் கவனம் நிற்கிறது. பலன் தாமதமாக வரும் வேலையில்தான் சிக்கல். கிளாஸ் தேர்வு செய்யவும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

கிரிக்கெட்டா, கபடியா?

கிரிக்கெட் கோச்சிங்கில் 20 பேருக்கு ஒரே நெட் என்றால், பிள்ளை பேட் பிடிப்பது சில நிமிஷம்தான். மீதி நேரம் வரிசையில் நிற்கணும், இல்லையென்றால் பவுண்டரி ஓரத்தில் பந்து வருமா என்று பார்க்கணும். வம்பு தொடங்குவது அங்கேதான். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். எதிரணி ரெய்டு வரும்போதும் சும்மா நிற்க முடியாது. கோ-கோ இன்னும் சுவாரசியம். துரத்தும் அணியில் 8 பேர் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் எந்த நொடியும் 'கோ' விழலாம். விழுந்தால்தான் எழணும், முந்தி எழுந்தால் தவறு. அடக்கிக்கொள்ளும் பழக்கம் விளையாட்டாகவே வரும், அட்வைஸ் தேவையில்லை.

ஓட்டம், கராத்தே, மிருதங்கம், பறை போன்றவையும் பொருந்தும். செஸ் கூடவே கூடாது என்றில்லை. பிள்ளையே ஆசைப்பட்டால் 10 நிமிட ஆட்டமாகத் தொடங்கலாம்.

ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்ற மைக்கேல் பெல்ப்ஸுக்கு 9 வயதில் ஏடிஹெச்டி கண்டறியப்பட்டது. அதற்காக நீச்சலில் சேர்த்தால் எல்லோரும் பெல்ப்ஸ் ஆகிவிடப் போவதில்லை. யோசிக்காமல் குதிக்கும் பிள்ளை என்பதால், நீச்சல் தெரிந்தாலும் கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆகணும்.

பணம் கட்டும் முன்

ஒரு நாள் கிளாஸைப் போய்ப் பாருங்கள், கடிகாரத்தோடு. ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை எத்தனை நிமிஷம் ஆடுகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது? பாதிக்கு மேல் நிற்பதுதான் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது. மாஸ்டரிடம் பிள்ளையின் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாலு வேலையை ஒன்றாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாலே பாதி பிரச்னை தீரும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'ஹோம்வொர்க் முடிக்கல, இன்னிக்கு விளையாட்டு கட்' என்ற தண்டனை இந்தப் பிள்ளைகளுக்கு எதிராகவே போய் முடியும்.

விளையாட்டு சிகிச்சைக்கு மாற்று அல்ல. 'இப்போ பரவாயில்லையே' என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் முதலில் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.