தொழிலக இயந்திரங்களின் புவித்தொடுப்பு

தொழிலக இயந்திரங்களின் புவித்தொடுப்பு என்பது, இயல்பு நிலையில் மின்னோட்டம் பாயாத, ஆனால் பழுது ஏற்பட்டால் மின்னழுத்தம் பெறக்கூடிய உலோகப் பகுதிகளைப் பாதுகாப்புக் கடத்திகள் மூலம் நிலத்துடனும் மின்மாற்றியின் நியூட்ரல் புள்ளியுடனும் இணைப்பதாகும். பேச்சு வழக்கில் இது 'எர்த்' எனப்படுகிறது. மின்னோடிகளின் சட்டகம், கட்டுப்பாட்டுப் பெட்டி, மின்மாற்றித் தொட்டி, கம்பிவடங்களின் உலோகக் கவசம் முதலியன இவ்வாறு இணைக்கப்படுகின்றன.

நோக்கங்கள்

* இயந்திரத்தைத் தொடுபவருக்கு மின்னதிர்ச்சி ஏற்படாமல் தடுத்தல்
* பழுது ஏற்பட்ட சுற்றில் உருகியோ சுற்றுத் துண்டிப்பானோ விரைந்து செயற்படச் செய்தல்
* அருகருகே உள்ள உலோகப் பகுதிகளை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் வைத்திருத்தல்
* நிலைமின்னையும் மின்னல் மின்னோட்டத்தையும் நிலத்திற்குக் கடத்துதல்

செயற்படும் விதம்

மின்னோடிச் சுருளின் காப்பு சிதைந்து, மின்முனைக் கம்பி சட்டகத்தைத் தொட்டால் சட்டகம் முழுவதும் மின்னழுத்தம் பெறும். இந்நிலையில் பழுது மின்னோட்டம் மின்மாற்றிக்குத் திரும்பிச் செல்ல, தடை குறைந்த பாதை தேவை. பாதுகாப்புக் கடத்தி அப்பாதையை அளிக்கிறது. எடுத்துக்காட்டாக, பழுதுச் சுற்றின் மொத்த மின்மறுப்பு 0.5 ஓம் எனில், 230 வோல்ட்டில் 460 ஆம்பியர் பாயும். 32 ஆம்பியர் உருகி நொடிப்பொழுதில் உருகிவிடும்.

நிலத்தில் ஒரு கம்பியைப் புதைத்து இயந்திரத்தை அதனுடன் இணைத்தாலே போதும் என்பது பரவலான தவறான கருத்தாகும். இயந்திரத்தின் புவிமின்முனைத் தடை 10 ஓம், மின்மாற்றியின் புவிமின்முனைத் தடை 1 ஓம் எனக் கொள்வோம். உலோகப் பாதை இல்லாதபோது சுமார் 21 ஆம்பியர் மட்டுமே பாயும். 32 ஆம்பியர் உருகி உருகாது. சட்டகத்தில் நிலத்தைச் சார்ந்து சுமார் 209 வோல்ட் நீடிக்கும். இது உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே நிலத்தை மட்டுமே திரும்பு பாதையாகக் கொண்ட அமைப்புகளில், கசிவு மின்னோட்டத்தை உணர்ந்து துண்டிக்கும் கருவி இன்றியமையாதது.

அமைப்பு வகைகள்

ஐஇசி 60364 சீர்தரம் புவித்தொடுப்பு அமைப்புகளை மூன்றாகப் பிரிக்கிறது.

* டிஎன்: இயந்திரச் சட்டகம் மின்மூலத்தின் புவியிட்ட புள்ளியுடன் கடத்தி மூலம் இணைக்கப்படும். இதன் ஒரு வகையான டிஎன்-எஸ் அமைப்பில் நியூட்ரலும் பாதுகாப்புக் கடத்தியும் முழுவதும் தனித்தனியே செல்லும்.
* டிடி: சட்டகத்திற்குத் தனிப் புவிமின்முனை இருக்கும்.
* ஐடி: மின்மூலம் நிலத்துடன் இணைக்கப்படாது, அல்லது உயர் மின்மறுப்பு வழியாக இணைக்கப்படும். முதற் பழுதில் மின்சாரம் தடைப்படாததால், இடையறாது இயங்க வேண்டிய ஆலைகளில் பயன்படுகிறது.

இச்சீர்தரத்தின்படி, 230 வோல்ட் டிஎன் அமைப்பில் 32 ஆம்பியருக்கு மேற்படாத இறுதிச் சுற்றுகள் பழுதின்போது 0.4 நொடிக்குள் துண்டிக்கப்பட வேண்டும்.

இந்திய நடைமுறை

புவித்தொடுப்புக்கான இந்தியச் சீர்தரம் ஐஎஸ் 3043 ஆகும். 1966 இல் வெளியான இது 1987 இலும் 2018 இலும் திருத்தப்பட்டது. இந்திய மின்சார விதிகள், 1956, 250 வோல்ட்டுக்கு மேல் 650 வோல்ட் வரை இயங்கும் மின்னோடி முதலியவற்றின் சட்டகத்திற்கு இரண்டு தனித்தனிப் புவியிணைப்புகள் வேண்டும் என்றன. இதன் காரணம் எளிது: புவிக்கம்பி அறுந்தாலும் இயந்திரம் வழக்கம்போல் இயங்கும், குறை வெளியே தெரியாது. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று பாதுகாப்பளிக்கும்.

மின்னணுக் கருவிகள்

கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களில் மின்னிரைச்சலைத் தவிர்க்கும் பொருட்டு, பொதுப் புவித்தொடுப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட தனிப் புவிமின்முனை சில இடங்களில் அமைக்கப்படுகிறது. இது மேற்கூறிய ஆபத்தை மீண்டும் உருவாக்குகிறது. மேலும், மின்னல் தாக்கும்போது இரு புவிமின்முனைகளுக்கிடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு தோன்றிக் கருவிகளைச் சிதைக்கலாம். கூடுதல் புவிமின்முனை அமைப்பதில் தவறில்லை. ஆனால் அது பொது அமைப்புடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

சோதனை

புவிமின்முனைத் தடை, மண்ணில் இரு துணை முனைகளை நட்டு அளக்கப்படுகிறது. மண் காய்ந்தால் தடை உயருமாதலால் வறண்ட காலத்தில் அளப்பது நல்லது. இத்துடன் பாதுகாப்புக் கடத்தியின் தொடர்ச்சியும் பழுதுச் சுற்று மின்மறுப்பும் சோதிக்கப்பட வேண்டும். புவிமின்முனைத் தடை குறைவாக இருப்பது மட்டும் இயந்திரம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

இவற்றையும் பார்க்க

* மின்னதிர்ச்சி
* உருகி
* இடிதாங்கி